பேருந்தில் ஒரு சதுர மீட்டர்: சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும்

பிரிட்டனில் ஓடும் நகரப் பேருந்து எதில் ஏறினாலும், முன்பகுதியில் இருக்கை இல்லாத ஒரு வெற்றிடம் கண்ணில் படும். அதன் அளவு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நீளம் குறைந்தது 1300 மில்லிமீட்டர், அகலம் குறைந்தது 750 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டர்கூட முழுதாக வராது. நம்மூரில் ஒருவர் படுக்கும் பாயைவிடச் சிறியது!

இந்தச் சின்ன இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. இதற்காக மாற்றுத்திறனாளிகள் பேருந்துகளோடு தங்களைக் கைவிலங்கால் பூட்டிக்கொண்டார்கள். பாராளுமன்றம் சட்டம் போட்டது. அதன்பிறகு, அந்த இடத்தில் ஒரு குழந்தை வண்டி நின்றுகொண்டிருந்தால் அதை நகரச் சொல்லிக் "கேட்டுக்கொள்ள" வேண்டுமா, "நகர்ந்தே ஆக வேண்டும்" என்று சொல்ல வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க மூன்று நீதிமன்றங்களும் ஐந்து வருடங்களும் தேவைப்பட்டன. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

மடங்கும் நாற்காலி, மடங்கும் வண்டி

முதலில் இரண்டு வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம். இரண்டின் கதையும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றுபோல இருக்கிறது.

அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியாளர் ஒரு விபத்தில் முதுகு உடைந்து நடக்க முடியாமல் போனார். அன்றைய சக்கர நாற்காலிகள் கனமானவை, மடங்காதவை. காரில் ஏற்ற முடியாது. அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் பொறியாளர்தான். இருவரும் சேர்ந்து 1930களில் உலோகக் குழாய்களால் ஆன, மடக்கக்கூடிய சக்கர நாற்காலியை உருவாக்கினார்கள். இருக்கைக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும் இரண்டு கம்பிகள்தான் அதன் ரகசியம். இன்றும் மருத்துவமனைகளில் பார்க்கும் சாதாரண மடக்கு நாற்காலி அந்த வடிவத்தின் வாரிசுதான்.

குழந்தை வண்டியின் கதை இன்னும் பழையது. 1733ல் வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக ஒரு வண்டி செய்தார். அதைத் தள்ளுவதில்லை, சிறு விலங்கு ஒன்றைப் பூட்டி இழுக்க வைப்பார்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையால் தள்ளும் "பிராம்" பரவியது. 1877ல் லீட்ஸ் நகரில் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனத்தின் பிராம்கள் பிற்காலத்தில் அரச குடும்பம் வரை போயின. பெரிய சக்கரம், வில் கம்பி, தொட்டில் போன்ற உடல் என்று பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பேருந்தில் ஏற்றுவதைப் பற்றி நினைத்தே பார்க்க முடியாது.

இதை மாற்றியவர் ஓவன் மக்லாரன். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரத் தொகுதியை வடிவமைப்பதில் பங்கு வகித்த பொறியாளர். ஓய்வு பெற்ற பிறகு, மகளும் பேத்தியும் கனமான வண்டியோடு பயணம் செய்யப் படும் பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாய்களால் ஒரு வண்டி செய்தார். குடையை மடக்குவது போல மடக்கிக் கையில் தூக்கிக்கொள்ளலாம். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. 1965ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1967ல் விற்பனைக்கு வந்தது.

இரண்டும் பொறியாளர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்காகச் செய்தவை. இரண்டும் குழாயும் துணியும்தான். வாகனத்தில் ஏற்றுவதற்காகவே இரண்டும் மடங்கக் கற்றுக்கொண்டன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வண்டியை மடக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தூக்கி யார் மடியில் வைப்பது? பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

படிக்கட்டுக் காலம்

லண்டன் என்றதும் நினைவுக்கு வரும் சிவப்பு இரட்டை மாடிப் பேருந்து ரூட்மாஸ்டர். 1950களில் வந்தது. பின்பக்கம் திறந்த மேடை, அதில் நடத்துனர், பக்கத்தில் மாடிக்குப் போகும் படி. அந்தப் படிக்குக் கீழே பெட்டி படுக்கை வைக்க ஒரு பொந்து இருக்கும். குழந்தையோடு வருபவர் வண்டியை மடக்கிக் கொடுத்தால் அதை வாங்கி அந்தப் பொந்தில் வைக்க நடத்துனர் இருந்தார்.

பிறகு நடத்துனர் இல்லாத பேருந்துகள் வந்தன. ஓட்டுனரே டிக்கெட்டும் கொடுப்பார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் மடக்கிய வண்டி, தோளில் பை, டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க மூன்றாவது கை வேண்டும்! அதோடு இரண்டு மூன்று உயரமான படிகள். இதனால் பேருந்தையே தவிர்த்து நடந்து போன தாய்மார்கள் உண்டு.

இது சிரமம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ சிரமம் என்ற பேச்சே இல்லை, ஏறவே முடியாது. அவர்களுக்கென்று லண்டனில் தொலைபேசியில் முன்பதிவு செய்யும் சிறு வேன்கள் இருந்தன. பளுதூக்கி பொருத்திய "மொபிலிட்டி பஸ்" சில தடங்களில் வாரத்தில் ஓரிரு நாள் ஓடியது. நினைத்த நேரத்தில் நிறுத்தத்துக்குப் போய் வரும் பேருந்தில் ஏறிப் போவது என்ற சாதாரண விஷயம் அவர்களுக்குக் கிடையாது.

கைவிலங்கும் பேருந்தும்

1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் சக்கர நாற்காலியில் வந்த சிலர் நடுச்சாலையில் பேருந்துகளை மறித்து இரவு முழுவதும் அங்கேயே இருந்தார்கள். பிரிட்டனிலும் 1980களின் கடைசியில் இதுபோன்ற போராட்டங்கள் தொடங்கின. 1993ல் "டான்" என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளின் நேரடிப் போராட்டக் குழு உருவானது. பார்பரா லிசிக்கி, ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் இருவரும் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். போராட்டக்காரர்கள் பேருந்துகளுக்கு முன்னால் ஊர்ந்து போய்ப் படுத்தார்கள், கைவிலங்கால் கம்பிகளில் தங்களைப் பூட்டிக்கொண்டார்கள். போலீசுக்குப் பெரிய தலைவலி! கைது செய்தாலும் ஏற்றிக்கொண்டு போக அவர்களிடமும் சக்கர நாற்காலி ஏறும் வண்டி வேண்டுமே.

இரக்கம் வேண்டாம், உரிமை வேண்டும் என்பதே இவர்களின் கோஷத்தின் சாரம்.

1994ல் மாற்றுத்திறனாளிகளுக்கான சிவில் உரிமை மசோதா பாராளுமன்றத்தில் வந்தபோது, அரசு அதைப் பேசியே நேரத்தைக் கடத்தித் தோற்கடித்தது. அதற்குப் பொறுப்பான அமைச்சர் நிக்கலஸ் ஸ்காட். அவருடைய மகள் விக்டோரியா ஸ்காட் மாற்றுத்திறனாளிகள் அமைப்பில் வேலை செய்துகொண்டு அந்த மசோதாவுக்காகப் பிரசாரம் செய்தவர்! அப்பாவை மகளே பகிரங்கமாக விமர்சித்தது பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. அந்த அழுத்தத்தில் அடுத்த ஆண்டே, 1995ல், மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டம் வந்தது. போராட்டக்காரர்கள் கேட்ட அளவுக்கு அதில் பலம் இல்லை. ஆனால் பேருந்துகளுக்கு விதிமுறை வகுக்க அது வழி திறந்தது.

அந்த விதிமுறைகள் 2000ல் வந்தன. 22 பேருக்கு மேல் ஏற்றும் புதிய பேருந்துகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு சக்கர நாற்காலி இடமும், ஏறுவதற்குச் சாய்வுப் பலகையோ பளுதூக்கியோ இருக்க வேண்டும். பழைய பேருந்துகளுக்கும் கெடு வைத்தார்கள். ஒற்றை மாடிப் பேருந்துகளுக்கு 2016 தொடக்கம், இரட்டை மாடிக்கு 2017 தொடக்கம். ரூட்மாஸ்டர்கள் 2005 டிசம்பரிலேயே லண்டனின் வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றன.

தாழ்தளம் வந்தது, பெற்றோரும் வந்தார்கள்

சக்கர நாற்காலிக்காக வந்த தாழ்தளப் பேருந்து வேறு பலருக்கும் வரமாக அமைந்தது. முழங்கால் வலியுள்ள முதியவர்கள், சாமான் வண்டியோடு வருபவர்கள், எல்லோரையும்விட அதிகமாகக் குழந்தை வண்டியோடு வரும் பெற்றோர்கள். இனி மடக்க வேண்டாம், தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம், அப்படியே தள்ளிக்கொண்டு ஏறி அந்த வெற்றிடத்தில் நிறுத்தினால் போதும். பேருந்து நிறுவனங்களுக்கும் சந்தோஷம், பயணிகள் கூடினார்களே.

இதோடு குழந்தை வண்டிகளும் மாறத் தொடங்கின. மக்லாரனின் குடை வண்டி போய், பெரிய சக்கரங்கள், கழற்றி மாட்டும் இருக்கை, அடியில் கூடை என்று கனமான வண்டிகள் பிரபலமாயின. மடக்க வேண்டுமானால் இருக்கையைத் தனியாகக் கழற்ற வேண்டிய மாடல்களும் வந்தன. பேருந்துக்காக மடங்கக் கற்றுக்கொண்ட வண்டி, பேருந்து மாறியதும் மடங்குவதை மறந்துவிட்டது என்று சொல்லலாம்.

நாளடைவில் அந்த இடம் "குழந்தை வண்டி நிறுத்தும் இடம்" என்றே பலர் மனதில் பதிந்துவிட்டது. அதில் அவர்களைக் குற்றம் சொல்வதும் கடினம். குழந்தை வண்டிகள் தினமும் வருகின்றன, சக்கர நாற்காலி எப்போதாவது வருகிறது. ஆனால் எப்போதாவது வருவதற்கு ஒரு காரணம், இடம் கிடைக்குமா என்ற சந்தேகத்தில் பலர் வீட்டைவிட்டே கிளம்பாததுதான்.

2012 பிப்ரவரி 24

அன்று காலை இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறு ஊரில் டக் பாலி லீட்ஸ் போகும் பேருந்துக்காகக் காத்திருந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர். லீட்ஸில் ரயில் பிடித்து ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊருக்குப் போய்ப் பெற்றோரோடு மதிய உணவு சாப்பிடுவது திட்டம். பேருந்து வந்தது. சக்கர நாற்காலி இடத்தில் ஒரு பெண், குழந்தை வண்டியில் தூங்கும் குழந்தையோடு நின்றார். சக்கர நாற்காலிப் பயணிக்கு இடம் விட்டுத் தருமாறு கேட்டுக்கொள்ளும் பலகை அங்கே இருந்தது.

ஓட்டுனர் வண்டியை மடக்கச் சொல்லிக் கேட்டார். மடங்காது என்றார் அந்தப் பெண். அவ்வளவுதான், ஓட்டுனர் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அப்போது பாலி ஒரு யோசனை சொன்னார். தன் சக்கர நாற்காலியை மடக்கிவிட்டுச் சாதாரண இருக்கையில் உட்கார்ந்துகொள்வதாக! மடக்கிய நாற்காலியைப் பாதுகாப்பாகக் கட்டிவைக்க வசதியில்லை என்று ஓட்டுனர் மறுத்துவிட்டார். அடுத்த பேருந்துக்குக் காத்திருந்து போனதில் ரயில் தவறியது, ஸ்டேலிபிரிட்ஜுக்குச் சுமார் ஒரு மணி நேரம் தாமதம்.

ஒரு மணி நேரத் தாமதம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஆனால் சக்கர நாற்காலிக்காகவே சட்டம் போட்டு ஒதுக்கிய இடம் அது. அதற்கு வெளியே நின்று, அதில் உட்கார வேண்டியவரே தன் நாற்காலியை மடக்க முன்வர வேண்டியிருந்தது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று நீதிமன்றங்கள்

பாலி வழக்குப் போட்டார். எதிரி அந்தப் பெண் அல்ல, பேருந்தை நடத்திய ஃபர்ஸ்ட்குரூப் நிறுவனம். 1995ன் சட்டத்துக்குப் பதிலாக 2010ல் வந்த சமத்துவச் சட்டப்படி, சேவை தருபவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்காக "நியாயமான மாற்றங்கள்" செய்ய வேண்டும். ஒரு முறை கேட்டுப் பார்ப்பது, மறுத்தால் விட்டுவிடுவது என்ற நிறுவனத்தின் கொள்கை அந்தக் கடமையை நிறைவேற்றவில்லை என்பது அவர் வாதம்.

2013ல் லீட்ஸ் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கேட்டுக்கொள்வது போதாது, நகர்ந்தே ஆக வேண்டும் என்பது கொள்கையாக இருக்க வேண்டும் என்றது. 5,500 பவுண்ட் நஷ்ட ஈடும் கொடுத்தது.

2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தலைகீழாக்கியது. மற்ற பயணிகள் இடம் விடுவதுதான் பண்பு என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பண்பு வேறு, சட்டம் வேறு. நகர மறுக்கும் பயணியைக் கீழே இறக்கிவிட ஓட்டுனருக்குத் தெளிவான அதிகாரம் இல்லை, அப்படி ஒன்று வேண்டுமென்றால் பாராளுமன்றம்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

சட்டத்தில் உண்மையிலேயே ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டுனர்கள், பயணிகளின் நடத்தை பற்றிய 1990ம் ஆண்டு விதிகளை 2002ல் திருத்தியபோது, சக்கர நாற்காலி இடம் காலியாக இருந்தால் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஓட்டுனருக்குக் கடமை விதித்தார்கள். அங்கே இருப்பவர் எளிதாக வேறு இடத்துக்கு நகர முடியுமென்றால் அந்த இடம் காலியாகவே கருதப்படும் என்றும் எழுதினார்கள். ஆனால் அந்தப் பயணி நகர வேண்டும் என்று நேரடியாக எங்கும் எழுதவில்லை! கடமை ஓட்டுனருக்கு, இடம் பயணியின் கையில்.

கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஏழு நீதிபதிகள் கேட்டு, 2017 ஜனவரி 18 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு விஷயத்தில் ஏழு பேரும் ஒன்றுபட்டார்கள். ஒரு முறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும் கொள்கை போதாது. மறுப்பு நியாயமற்றது என்று ஓட்டுனருக்குத் தோன்றினால் வேண்டுகோளைக் கட்டளையாக மாற்றிச் சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், சூழ்நிலையைப் பொறுத்துச் சில நிமிடங்கள் பேருந்தைக் கிளப்பாமல் நிறுத்தி வைக்கலாம். மற்ற பயணிகளின் பார்வையே மறுப்பவரை வெட்கப்பட வைக்கும் என்பது கணக்கு. ஆனால் பலவந்தமாக இறக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

நஷ்ட ஈட்டில் நீதிபதிகள் நான்குக்கு மூன்று என்று பிரிந்தார்கள். ஓட்டுனர் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருந்தால் அந்தப் பெண் நகர்ந்திருப்பாரா என்று கீழ் நீதிமன்றம் ஆராய்ந்து முடிவு சொல்லவில்லை, அதனால் நஷ்ட ஈடு கொடுக்க முடியாது என்றனர் நால்வர். லேடி ஹேல், லார்ட் கெர், லார்ட் கிளார்க் மூவரும் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆக, பாலி கொள்கையில் ஜெயித்தார், பணத்தில் தோற்றார்.

தீர்ப்புக்குப் பிறகு

நிறுவனங்கள் ஓட்டுனர்களுக்கான வழிகாட்டுதல்களைத் திருத்தின. நடத்தை விதிகளை ஆராய அரசும் ஒரு குழு அமைத்தது. லண்டன் பேருந்துகளில் சக்கர நாற்காலிக்கு இடம் தேவை என்று பதிவு செய்த குரல் ஒலிக்கும் வசதி உண்டு. ஓட்டுனர் பயணியோடு நேருக்கு நேர் மோத வேண்டியதில்லை, இயந்திரமே சொல்லிவிடும். எடின்பரோவின் லோதியன் போன்ற நிறுவனங்களின் பேருந்துகளில் குழந்தை வண்டிக்குத் தனி இடமும் இருக்கிறது. அதற்காகச் சில இருக்கைகளை இழக்க வேண்டும். கூட்ட நேரத்தில் இருக்கை என்றால் வருமானம், அதனால் எல்லா நிறுவனங்களும் இதற்கு உடனே தயாராவதில்லை.

யார் பக்கம் நியாயம்?

இந்த விவாதத்தில் பெற்றோரை வில்லன்களாகக் காட்டுவது எளிது. ஆனால் இரட்டைக் குழந்தைகளோடு தனியாக வருபவர், இரவு நேரத்தில் கடைசிப் பேருந்தில் இருப்பவர், அறுவை சிகிச்சை முடிந்து கனம் தூக்கக்கூடாத தாய் ஆகியோரும் அந்த வண்டிகளின் பின்னால் நிற்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. நடக்க முடியாத குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்ட பெரிய வண்டிகள் இருக்கின்றன. பார்க்கச் சாதாரணக் குழந்தை வண்டி போலவே இருக்கும், ஆனால் அதில் இருப்பது மாற்றுத்திறனாளிக் குழந்தை. தூரத்திலிருந்து பார்க்கும் ஓட்டுனருக்கு இது எப்படித் தெரியும்? "நியாயமான மறுப்பு", "நியாயமற்ற மறுப்பு" என்று உச்ச நீதிமன்றம் பிரித்ததன் அருமை இங்கேதான் புரிகிறது.

ஆனாலும் முன்னுரிமை யாருக்கு என்பதில் குழப்பம் இருக்கக்கூடாது. குழந்தை வண்டியை மடக்குவது கஷ்டம், ஆனால் பெரும்பாலும் முடியும். படிக்கட்டுக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்தப் பேருந்தில் வேறு இடமே கிடையாது. அவருக்கு அந்த ஒரு சதுர மீட்டர் இல்லையென்றால் பேருந்தே இல்லை. கஷ்டமும் முடியாமையும் மோதும்போது, கஷ்டம்தான் விலக வேண்டும்.

அதே சமயம் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். தூங்கும் குழந்தையோடு ஒரு தாயும் சக்கர நாற்காலியில் ஒருவரும் முறைத்துக்கொள்ளும்படி அந்த இடத்தை ஒன்றே ஒன்றாக வைத்தது யார்? விதி "குறைந்தது ஒன்று" என்றது. பல நிறுவனங்கள் அந்தக் குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாக எடுத்துக்கொண்டன. மிச்சத்தைப் பயணிகளே தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதன் விளைவுதான் ஐந்து வருட வழக்கு. நடுவில் மாட்டிக்கொண்டவர், நேரத்துக்குப் பேருந்தை ஓட்டவும் வேண்டும், டிக்கெட் கொடுக்கவும் வேண்டும், நீதிபதியாகவும் இருக்க வேண்டும் என்று ஆகிப்போன ஓட்டுனர்.

உரிமைக்காகப் போராடியவர்கள் வாங்கிக்கொடுத்த வசதியை எல்லோரும் அனுபவிப்பதில் தவறில்லை. தாழ்தளப் பேருந்தால் பயனடைந்த பெற்றோர்கள் இன்று ஏராளம். ஆனால் அந்தச் சாய்வுப் பலகை யாருக்காக, யாருடைய போராட்டத்தால் வந்தது என்பது தெரிந்திருந்தால், அதற்குரியவர் நிறுத்தத்தில் காத்திருக்கும்போது பெரும்பாலானோர் பலகையில் எழுதியிருப்பது வேண்டுகோளா கட்டளையா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.